வோல்ட் இருக்கிறது, காற்று இல்லை

தாடிக்கொம்பில் ஓடும் காருக்கு ஹீட்டர் எதற்கு? திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் சாலையில், குடகனாற்றை ஒட்டிய சமவெளி ஊர் இது. பங்குனி பிறந்துவிட்டால் வெயிலில் நிறுத்திய வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஆனால் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு ஒரு மலை உண்டு. செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகக் காட்ரோடு சேர்ந்து ஏறத் தொடங்கினால், டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று சாலை வளைந்து வளைந்து மேலே போய்க் கொடைக்கானலைச் சேரும். அது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். திண்டுக்கல் சமவெளியின் உயரம் 300 மீட்டருக்கும் குறைவு. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது வளிமண்டலக் கணக்கு. அதன்படி இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம். மார்கழி இரவில் மேலே பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆகவே இங்குள்ள பழைய அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களில் ஹீட்டர் இருந்தால், அது வருடம் முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு ஓர் இரவில் மட்டும் வேலைக்கு அழைக்கப்படுகிறது. சுவிட்சைப் போட்டால் காற்று வருவதில்லை. உழைத்துத் தேய்ந்த பொருளின் பழுது ஒரு வகை, கிடந்து கெட்ட பொருளின் பழுது வேறு வகை. ஹீட்டரின் காற்றை ஊதும் ப்ளோயரின் பழுது பெரும்பாலும் இரண்டாவது வகை. பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், மின்தடை, மோட்டார், எர்த் என்று ஆறே உறுப்புகள் கொண்ட இந்தச் சிறிய சுற்றை நான் மிகவும் நேசிக்கிறேன். மின்னோட்டத்தைப் பற்றிப் பள்ளியில் படித்தவற்றுக்கு எல்லாம் உண்மையில் என்ன பொருள் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி காரில் வேறு இல்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காற்று வரவில்லையா, வரும் காற்றில் சூடு இல்லையா? இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

ஹீட்டருக்கு வேண்டிய சூட்டை யாரும் தனியாகத் தயாரிப்பதில்லை. பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்று எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு அளவுதான் வேலையாகிறது. மீதியில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகப் போக, கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுவந்து, கையடக்கமான இன்னொரு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, அதன் மேல் காற்றை ஊதினால் அதுவே ஹீட்டர். அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938ல், வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, இப்படிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் அமைப்பைத் தன் கார்களில் கொண்டுவந்தது. இன்றைய கார்களும் அடிப்படையில் அதே வழியில்தான் போகின்றன. சூடு இலவசம். மின்சாரச் செலவு காற்றை ஊதுவதற்கு மட்டும்.

காற்று நன்றாக வந்து சூடு மட்டும் இல்லை என்றால், சமவெளிப் பட்டறைகளில் பரவலாக இருக்கும் ஒரு பழக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் பெரிய ரேடியேட்டர் வழியாகவே ஓடிக் குளிர்ந்துகொண்டிருக்கும். திண்டுக்கல் வெயிலில் இதன் குறை தெரியாது. கொடைக்கானல் குளிரில் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகாது, ஹீட்டரும் அப்படியே. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலையும் அதிகம் குடிக்கும், சீக்கிரமும் தேயும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பழுது நீக்கல் ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ரேடியேட்டரிலோ தளர்ந்த பெல்ட்டிலோ இருக்கும். ஹீட்டர் ஒழுகியபோது இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துச் சுற்றிவிட்ட வண்டிகளும் உண்டு. போனட்டைத் திறந்து ஹோஸ் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஏறும்போது இதே ஹீட்டர் வேறு வகையில் உதவும். மலைப்பாதையில் முதல் கியரில் முக்கி ஏறும் எஞ்சினின் வெப்பமுள் சிவப்பை நெருங்கினால், ஹீட்டரை முழுதும் திறந்து ப்ளோயரை வேகமாக ஓடவிட வேண்டும். சில கிலோவாட் வெப்பம் காருக்குள் வந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினுக்கு அது இரண்டாவது ரேடியேட்டர்.

குளிரைப் போக்குவதைவிட ப்ளோயருக்கு முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. மழை நாளில் நாலு பேர் மூச்சுவிடும் காரின் முன்கண்ணாடி உள்பக்கம் மூடுபனியாக மாறிவிடும். சிறுமலைப் பாதையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலோ பெருமாள்மலை பக்கமோ இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பத்து டிகிரியில் ஈரம் முற்றிலும் நிறைந்த காற்றை, கூடுதலாக ஈரம் சேர்க்காமல் 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 100 சதவீதத்தில் இருந்து 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் காணாமல் போகவில்லை. சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடியிருக்கிறது. அந்தக் காற்று கண்ணாடியைத் தொட்டால் பனியைக் குடித்துவிடும். ப்ளோயர் நின்றால் இந்த வேலையும் நிற்கும்.

சரி, காற்றே வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கூடவே வேறு எது வேலை செய்யவில்லை என்று பார்ப்பதில் இருந்து தொடங்கலாம். அம்பாசிடரின் முன்னோடியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து பிரிட்டிஷ் கார்களில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான். சாவி வழியாக வரும் மின்சாரம் ஒரே ஃபியூஸைக் கடந்து வைப்பர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் பிரியும். அந்த ஃபியூஸைக் கடந்த வயர்கள் பச்சை நிறம், எர்த் வயர்கள் கருப்பு. லூகாஸ் நிறுவனம் வகுத்த நிறமுறை இது. அந்த நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1961ல் சென்னையில் லூகாஸ் டிவிஎஸ்ஸைத் தொடங்கின. வைப்பரும் ஹீட்டரும் ஒன்றாகச் செத்திருந்தால் ஃபியூஸையோ அதன் கிளிப்பில் படிந்த பச்சைக் களிம்பையோ பாருங்கள். ஹீட்டர் மட்டும் செத்திருந்தால் கிளைக்குள் போக வேண்டும்.

இப்போது பெரும்பாலோர் செய்வது, மல்டிமீட்டரை எடுத்து ப்ளோயருக்கு வரும் வயரைக் கழற்றி, அதன் நுனியை அளப்பது. மீட்டர் 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்று முடிவு கட்டிப் புது மோட்டார் வாங்குவார்கள். மாட்டினால் அதுவும் சுற்றாது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தவறு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம். 12 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டிய மின்னோட்டம், அவ்வளவுதான். வழியில் எங்கோ ஓர் இணைப்பு துருப்பிடித்துப் பத்தாயிரம் ஓம் மின்தடையாக மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிக்கு முன்னால் பத்தாயிரம் எம்மாத்திரம்! மீட்டர் 11.99 வோல்ட் காட்டும். அதே வயரில் ப்ளோயரை மாட்டினால்? ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை ஏறத்தாழ 2.4 ஓம் சுமையாகக் கருதலாம். பத்தாயிரம் ஓமுக்கும் 2.4 ஓமுக்கும் 12 வோல்ட்டைப் பங்கிட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 0.003 வோல்ட். மீட்டரின் பார்வையில் நல்ல வயர், மோட்டாரின் பார்வையில் அறுந்த வயர். இரண்டும் ஒரே வயர்தான்.

தோட்டத்து ஹோஸ் பாதி மண்ணடைத்துக் கிடந்தாலும், நுனியை விரலால் மூடிக்கொண்டிருக்கும்வரை தொட்டித் தண்ணீரின் முழு அழுத்தமும் விரலில் தெரியும். விரலை எடுத்தால்தான் ஒழுக்கின் யோக்கியதை தெரியும். இயற்பியலாளர் ஓம் 1827ல் வெளியிட்ட விதி இதையே எண்ணாகச் சொல்கிறது. இழக்கும் வோல்ட் என்பது மின்னோட்டமும் மின்தடையும் பெருக்கிய தொகை. மின்னோட்டம் பூஜ்யம் என்றால், மின்தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பும் பூஜ்யம்.

அதனால்தான் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பையில் வைத்திருக்கும் அந்த பல்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், இரண்டு வயர், இரண்டு கிளிப். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும், அதாவது அந்த மீட்டரைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். துருவைத் தாண்டி உண்மையான மின்சாரம் வந்தால் மட்டுமே பளிச்சென்று எரியும். பாதி கெட்ட இணைப்பானால் மங்கும், முழுதும் கெட்டதானால் எரியாது. சின்ன எல்இடி வைத்த இன்றைய டெஸ்டர்கள் சில மில்லி ஆம்பியரிலேயே ஒளிர்ந்துவிடும். அவை இந்த வேலைக்கு உதவா.

மீட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும். வயரைக் கழற்றாமல், ப்ளோயர் சுவிட்சை வேகமான நிலையில் போட்டபடியே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில் (பிளஸ் எர்த் வண்டியானால் மைனஸில்), மறு முனை மோட்டாருக்கு வரும் வயரில். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. 3 வோல்ட் காட்டினால் அந்தப் பாதையில் திருடன் இருக்கிறான். பாதையின் நடுவில், சுவிட்சுக்கு முன் ஒருமுறை அளந்தால் எந்தப் பாதியில் என்று தெரியும், அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்கினால் இன்னும் நெருங்கலாம். இழப்பு இருக்கும் இடம் சூடாகவும் இருக்கும். ஒரே ஓர் ஓம் கூடுதல் மின்தடை ஏறினாலே நம் மோட்டாருக்கு 3.5 ஆம்பியரும் 8.5 வோல்ட்டும்தான் மிஞ்சும். 60 வாட் 30 ஆகிவிடும். துருப்பிடித்த அந்த ஒற்றை இணைப்பில் 12 வாட் வெப்பமாகக் கசியும். பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் இளகிய இன்சுலேஷனும் இதன் தடயங்கள்.

பாயிண்ட் வைத்த பழைய எஞ்சினில், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுக்கொண்டு நெடுநேரம் அளப்பது ஆபத்து. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் சூடேறிக் கெடும். முதலில் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

போன மின்சாரம் திரும்பியும் வர வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய கார்களில் திரும்பும் வழி கார் உடம்பின் தகடேதான். ஆகவே மேலே சொன்ன அதே அளவை, மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே, மோட்டார் சுவிட்ச் போட்ட நிலையில் எடுக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. பழைய காரை ஆசையாக எடுத்து, டிங்கரிங் முடித்து, மூன்று கோட் பெயிண்ட் அடித்துக் கொண்டுவருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். பெயிண்ட் நல்ல மின்காப்பி. எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் பளபளக்கும் பெயிண்ட் இருந்தால் மின்சாரம் திருகாணியின் புரி வழியாகத்தான் தொற்றிப் போக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் காற்றும் ஈரமும் அண்டாது.

வேகமான நிலையில் சுற்றி, மெதுவான நிலையில் மட்டும் சுற்றாவிட்டால், மோட்டாரையும் எர்த்தையும் விட்டுவிடலாம். அவை நலம். மெதுவான வேகத்துக்காகச் சுற்றில் சேர்க்கப்படும் மின்தடைக் கம்பி அறுந்திருக்கும். அந்தக் கம்பியைப் பல கார்களில் ப்ளோயரின் காற்றோட்டத்திலேயே வைத்திருப்பார்கள். பல வாட் வெப்பத்தை அது கக்கும், காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. சமவெளியில் மாதக்கணக்கில் நிற்கும் காரின் காற்றுக்குழாய் எலிக்கும் குளவிக்கும் நல்ல வீடு. பஞ்சும் காகிதமும் குளவி மண்ணும் அடைத்த குழாயில் காற்று ஓடாது, கம்பி வெந்து அறும். கம்பியை மட்டும் மாற்றிவிட்டுக் கூட்டை விட்டுவைத்தால் புதுக் கம்பியும் அதே வழியில் போகும்.

மின்சாரம் சரியாக வந்து, எர்த்தும் நன்றாக இருந்து, மோட்டார் அசையவில்லை என்றால்தான் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். அங்கே ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. 1873ல் வியன்னா உலகக் கண்காட்சியில், ஸெனோப் கிராம் உருவாக்கிய டைனமோ ஒன்றை, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவின் மின்சாரத்தோடு இணைத்தபோது அது மோட்டாராகச் சுழன்றது. மோட்டாரும் டைனமோவும் ஒரே பொருள் என்பதைத் தொழில் உலகம் கண்ணால் கண்ட இடம் அது. இதன் மறுபக்கம், சுழலும் ஒவ்வொரு மோட்டாரும் தனக்குள் டைனமோவாகவும் வேலை செய்து, வரும் மின்சாரத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நம் ப்ளோயரின் ஆர்மேச்சர் சுருள் 0.6 ஓம் என்று வைத்தால், 5 ஆம்பியர் ஓடும்போது சுருளில் செலவாவது 3 வோல்ட். மீதி 9 வோல்ட் சுழற்சி உண்டாக்கிய எதிர்ப்பு. மோட்டார் இறுகி நின்றால் அந்த எதிர்ப்பு இல்லை. 12 வோல்ட்டும் 0.6 ஓமின் மேல் விழும். 20 ஆம்பியர், 240 வாட், அத்தனையும் வெப்பம்.

ஃபியூஸ் போவதற்கு இறுகிய மோட்டாரும் ஒரு காரணம். அந்த நேரத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் வைப்பது காருக்கே தீ வைப்பதற்குச் சமம். அன்றைய லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது, அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். தொடர்ந்து 35 ஆம்பியரைத் தாங்கும் இன்றைய ஃபியூஸை அங்கே போட்டால் வயர் முதலில் உருகும்.

மோட்டார் ஏன் இறுகுகிறது? அச்சு சுழலும் வெண்கல புஷ்ஷில் ஊறியிருந்த எண்ணெய் வருடக்கணக்கில் கிடந்து பிசினாகிவிடுகிறது. கார்பன் பிரஷ் தன் கூட்டுக்குள் தூசியில் ஒட்டிக்கொண்டு, தேயத் தேய முன்னால் நகர வேண்டியது நகராமல் நின்றுவிடுகிறது. சுவிட்சைப் போட்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டார் உடம்பில் மெல்லத் தட்டும்போது ஓடத் தொடங்கினால் நோய் இந்த இரண்டில் ஒன்று. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு மோட்டாரை வெளியே எடுத்து, காம்யுடேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களைச் சுத்தம் செய்யலாம். எமரி வேண்டாம், அதன் கடினத் துகள் செம்பில் புதைந்து கார்பனை அரைத்துவிடும். புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு போதும். கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை விடுகிறவர்கள் உண்டு. கீழே எல்லாம் நன்றாகவே ஓடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானல் காலையில் புஷ்ஷுக்குள் இருப்பது எண்ணெய் இல்லை, வெள்ளைக் கட்டி.

மோட்டாரை மாற்றி மாட்டிய பிறகு காற்று வருகிறது, ஆனால் பலமே இல்லை என்றால், இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நிலைக்காந்தம் வைத்த மோட்டார் வயர் மாறினால் எதிர்த்திசையில் சுற்றும். உருளைக் கூண்டு போன்ற விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும், பலம் மட்டும் வெகுவாகக் குறையும். அதனால் திசை தவறு என்று யாருக்கும் தோன்றாது. காந்தத்துக்குப் பதில் சுருள் வைத்த பழைய மோட்டார்களில் இரண்டு புலமும் ஒருசேரத் திரும்புவதால் சுழற்சி மாறாது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் எர்த் என்பதால், அந்தக் காலத்து வண்டிகளில் வயர் மாறும் குழப்பம் நேர இடம் அதிகம்.

ஐடிலிங்கில் ப்ளோயர் சோர்ந்து, எஞ்சினை முடுக்கினால் தெளிந்தால் அது பழுதில் சேராது. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய கார்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. இரவில் ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் மூன்றும் ஓடினால் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும்.

எல்லாம் சரியானதும் ஒரு வேலை பாக்கி. ஃபியூஸைக் கழற்றி, பத்து ஆம்பியர் வரை அளக்கும் மீட்டரை அந்த இடத்தில் தொடராக இணைத்து, வேறு எதுவும் ஓடாதபோது ப்ளோயர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். தொடங்கும் நொடியில் எண் தாவிப் பிறகு நிலைக்கும். நிலைத்த எண்ணைத் தேதியோடு எழுதி ஃபியூஸ் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மலைக்குக் கிளம்பும் முன் மறுபடி அளக்கும்போது 5 இருந்த இடத்தில் 7 வந்தால் புஷ் இறுகுகிறது, மோட்டாரைக் கழற்ற வேண்டும். காற்று குறைந்து எண்ணும் 3 ஆகியிருந்தால் மோட்டாரைத் தொட வேண்டாம், ஸ்க்ரூடிரைவரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு எர்த்தில் இருந்து தொடங்கலாம்.